ஜிம்னிக்குப் பெரிய டயர் போடலாமா? மேல்சித்தாமூர் வரை போய் வந்தால் தெரியும் கணக்கு

"ப்ரோ, ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணி 235 டயர் போட்டுருவோம். வண்டி சும்மா மாஸா நிக்கும்." மாருதி ஜிம்னி வாங்கி மூன்று மாதம் ஆன எவரும் ஆக்சசரீஸ் கடை வாசலில் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்டதும் ஆசை வரும். தப்பில்லை. பெட்டி மாதிரி இருக்கும் அந்தக் குட்டி வண்டிக்குப் பெரிய டயர் அழகுதான்.

ஆனால் அந்த 235 என்ற எண் வண்டியில் எதையெல்லாம் மாற்றிவிடுகிறது என்பதைக் கடைக்காரர் சொல்வது அபூர்வம். பிரேக், ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர், ரிம், ஸ்டெப்னி மாட்டிய பின்கதவு, இன்சூரன்ஸ், கடைசியில் ஆர்.டி.ஓ. என்று பட்டியல் நீள்கிறது. ஒரு வார இறுதிப் பயணத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

போகும் இடம் மேல்சித்தாமூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜின காஞ்சி மடம் இருக்கும் ஊர். ஒரு பக்கம் உயர்ந்த கோபுரத்துடன் பார்சுவநாதர் கோயில், இன்னொரு பக்கம் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் செதுக்கப்பட்ட மலைநாதர் கோயில். செஞ்சிப் பக்கம் போனால் 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் காட்டும் திருநாதர்குன்று. சுற்றிலும் உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்த மாதிரி குன்றுகள், ஏரிக்கரைகள், செம்மண் வண்டிப்பாதைகள். சென்னைக்காரர்கள் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. அதில் கிட்டத்தட்ட முழுவதும் தார்ச்சாலை. ஜிஎஸ்டி சாலையில் திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி சாலை, பிறகு கிளைச்சாலை. ஊருக்குள் போகவும் தார்தான். கரடுமுரடான பாதை வேண்டுமென்றால் நீங்களாகவே ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினாலும் அது ஐந்து, பத்து கிலோமீட்டர். டயர் வாங்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

2023 ஜூனில் இந்தியாவில் அறிமுகமான ஐந்து கதவு ஜிம்னி 195/80 ஆர்15 டயருடன் வருகிறது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்லாவற்றையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ.

கடையில் சொல்லும் 235/75 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 733 மி.மீ. சொச்சம். வித்தியாசம் 40 மி.மீ. "நாலு சென்டிமீட்டர் உயரம்!" என்று துள்ள வேண்டாம். விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே தரைக்கும் வண்டிக்கும் நடுவே கூடுவது 20 மி.மீ. ஏற்கெனவே இருப்பது 210 மி.மீ. அது 230 ஆகும்.

நடுவில் இன்னொரு அளவு உண்டு, 215/75 ஆர்15. இதன் விட்டம் 703 மி.மீ. சொச்சம். கிடைக்கும் கூடுதல் உயரம் வெறும் 5 மி.மீ. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த அளவுக்கு வேறொரு மதிப்பு இருக்கிறது, பின்னால் வருகிறது.

லிஃப்ட் போட்டாலும் உயராத ஒன்று

பெரிய டயர் விரும்பிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே துண்டாக, கெட்டியான அச்சுகள். மாட்டு வண்டி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை. அதன் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குவதுதான் டிஃபரன்ஷியல். வண்டியின் அடியில் முதலில் கல்லில் இடிப்பது அதுதான்.

இரண்டு அங்குல லிஃப்ட் கிட் என்பது நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். அது தூக்குவது அச்சுக்கு மேலே இருக்கும் உடம்பைத்தான். மேடு ஏறும்போது பம்பர் இடிக்காது. வண்டியின் நடு வயிறு தட்டாது. ஆனால் பூசணிக்காய் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தூக்க வேண்டுமென்றால் பெரிய டயர் ஒன்றே வழி. பாறைப் பாதையில் நிஜமாகவே ஓட்டுபவர்கள் 235 கேட்பதற்குக் காரணம் இதுதான், வெறும் கெத்து மட்டும் அல்ல.

பெரிய சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது? சின்னச் சக்கரம் விழுந்துவிடும் பள்ளத்தைப் பெரிய சக்கரம் தாண்டிப் போகும். சேற்றிலும் குறைவாகப் புதையும். 40 மி.மீ. வித்தியாசம் மாட்டு வண்டி அளவுக்கு மாயம் செய்யாது. ஆனாலும் கல் பாதையில் அந்தக் குணம் கொஞ்சம் தெரியவே செய்யும்.

தார்ச்சாலையில் கொடுக்கும் விலை

இப்போது ஜிஎஸ்டி சாலைக்குத் திரும்புவோம். 235 டயரின் சுற்றளவு பழைய டயரைவிட 5.8 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. அது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று மட்டும் எண்ணும். முள் 100-ல் நிற்கும்போது, பழைய டயரில் ஓடியிருக்கும் வேகத்தைவிட வண்டி ஆறு கி.மீ. அளவுக்குக் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். கம்பெனி ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் இந்த வித்தியாசம் ஓரளவு ஈடுகட்டப்படலாம். வேக கேமராவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ஓடிய தூரமும் குறைத்துத்தான் பதிவாகும். மீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி 10,584 கி.மீ. ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டதும் "மைலேஜ் விழுந்துடுச்சு" என்று புலம்புபவர்களின் கணக்கில் ஒரு பங்கு இந்தப் பொய்க்கணக்குதான். மீதிப் பங்கு உண்மை. டயர் கனம், அகலம், பட்டன் பட்டனான ரப்பர் எல்லாமே பெட்ரோல் குடிக்கும்.

இழுவையும் அதே விகிதத்தில் குறையும். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க். இது தாராளமான கையிருப்பு இல்லை. பெரிய டயர் போடுவது, எல்லா கியரையும் கொஞ்சம் நீட்டிவிடுவதற்குச் சமம். காட்டுப்பாதையில் இது பெரிய விஷயமே இல்லை. 4எல் போட்டால் கியர் விகிதம் இரண்டு மடங்காகிவிடும். வலிக்கப்போவது மதுராந்தகம் தாண்டி லாரியை ஓவர்டேக் செய்யும்போதுதான். நாலு கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே உணர்வார்கள்.

பிரேக் இதைவிட முக்கியம். டிஸ்க்கும் டிரம்மும் அதே அளவில்தான் இருக்கின்றன. அவை இப்போது இன்னும் பெரிய, இன்னும் கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். அதோடு வண்டியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ. பிறவியிலேயே ஒல்லிக்குச்சி. அதை மேலும் தூக்கினால் அவசரத்தில் ஸ்டீயரிங்கை வெட்டும்போது சாய்வு கூடும். லிஃப்ட் போடும்போது முன் அச்சின் கோணமும் மாறிவிடும். அதைத் திருத்தும் புஷ் போடாமல் விட்டால் ஸ்டீயரிங் அலைபாயும். சில வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுக்க உதறும். லிஃப்ட் விலை கேட்கும்போது அந்தத் திருத்தமும் சேர்த்தா என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.

ரிம் விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 டயர் அதில் முறையாக உட்காரும். 235/75-க்குக் குறைந்தபட்சம் 6 அங்குல ரிம் வேண்டும். அதாவது 235 என்றால் ஐந்து டயர் மட்டுமல்ல, ஐந்து ரிம்மும் சேர்த்து. அகல ரிம் வெளியே தள்ளி நின்றால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பம்பர் மூலையில் உரசும். உள்ளே தள்ளி நின்றால் சஸ்பென்ஷன் கையில் உரசும்.

அது ஏன் ஐந்து? ஸ்டெப்னியும் அதே அளவில் இருந்தாக வேண்டும். ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டிருக்கும்போது ஒரு மூலையில் மட்டும் சின்ன டயர் இருந்தால் கியர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போடாதே என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். அந்தக் கனமான ஐந்தாவது டயர் தொங்கப்போவது பின்கதவில். கதவுக் கீலுக்குக் கூடுதல் சுமை.

எந்த மண்ணுக்கு எந்தப் பட்டன்?

அளவைவிட டயரின் முகம்தான் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசத்தைத் தரும். ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர். கம்பெனியில் வருவது இந்த வகை. ஏ.டி. என்பது எல்லா நிலத்துக்குமானது. எம்.டி. என்பது சேற்றுக்கானது, பட்டன்கள் பெரிதாக, இடைவெளி அகலமாக.

எம்.டி.யை விளக்க விழுப்புரம் மாவட்டத்தில் ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வயலில் அது ராஜா. அதே சக்கரத்தோடு ரோட்டில் ஏறினால் சாலையைப் பெயர்த்துவிடும். அதனால்தான் தார்ச்சாலையில் கேஜ் வீலோடு போகக் கூடாது என்கிறார்கள். எம்.டி. டயர் சாலையைப் பெயர்க்காது. ஆனால் தன்னைத் தேய்த்துக்கொள்ளும், காது வலிக்க இரையும், மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் ஹெச்.டி.யைவிடத் தள்ளிப்போய் நிற்கும். 140 கி.மீ. தார், பத்து கி.மீ. மண் என்ற கணக்குக்கு இது பொருந்தாத டயர்.

ஏரிப்படுகையின் களிமண்ணில் ஹெச்.டி. தோற்றுப்போவது உண்மை. பட்டன் இடுக்கெல்லாம் களிமண் அடைத்து, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். ஏ.டி. ஓரளவு சமாளிக்கும். ஆனால் செஞ்சிப் பக்கத்துக் காய்ந்த கருங்கல் பாறைக்குச் சேற்றுப் பட்டனே தேவையில்லை. அங்கே பிடிப்பைத் தருவது பாறையோடு ஒட்டும் ரப்பரின் பரப்பு. அதற்கு இருக்கும் மலிவான வழி, காற்றைக் குறைப்பது.

பஞ்சர் கடையில் காசு வாங்காத மாற்றம் இது ஒன்றுதான். மண்ணிலும் மணலிலும் டயர் காற்றை 18–20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால், தரையில் படும் பகுதி நீளமாகி வண்டி புதையாமல் போகும். மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். தாரில் ஏறும் முன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருந்தால் 235 மீதான ஆசை பாதியாகக் குறையும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தப் பக்கத்து நிஜ எதிரி கல்லும் இல்லை, சேறும் இல்லை. சீமைக்கருவேல முள். ஏரிக்கரை ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளைமேல் ஏறினால், முள் டயரின் முகத்தில் குத்தினால் பரவாயில்லை. ட்யூப்லெஸ் பஞ்சர் போட்டுவிடலாம். பக்கச்சுவரில் ஏறினால் அதை நம்பி ஓட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். ஏ.டி. வாங்கும்போது பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்று கேட்பது இதற்காகத்தான்.

இங்கேதான் 215/75 ஆர்15-ன் மதிப்பு தெரியும். அது மகிந்திரா பொலிரோவில் வரும் அளவு. பொலிரோ ஓடாத கிராமம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டயர் கிழிந்து நின்றால், திண்டிவனத்திலோ செஞ்சியிலோ உள்ள கடையில் "தம்பி, அந்த சைஸ் இருக்கு, வாங்க" என்ற பதில் வர அதிக வாய்ப்புள்ள அளவு அதுதான். கம்பெனி ரிம்மிலேயே உட்காரும், ஸ்பீடோமீட்டரை 1.5 சதவீதம்தான் ஏமாற்றும், லிஃப்டும் வேண்டாம். போட்டோவில் மட்டும் வித்தியாசம் தெரியாது.

தண்ணீருக்கு டயர் தெரியாது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே ஏறிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் "நம்ம வண்டி லிஃப்ட் பண்ணது" என்ற எண்ணம்தான் மிகப் பெரிய ஆபத்து.

ஓடும் தண்ணீரில் ஓர் அடி ஆழமே சின்னக் காரை நகர்த்தப் போதும். இரண்டடி ஆழம் எஸ்.யூ.வி.யையும் அடித்துச் செல்லும். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. அகலமான டயர் காற்றடைத்த பை. தண்ணீரில் அது வண்டியைத் தூக்கவே பார்க்கும். இன்ஜின் காற்றை இழுக்கும் இடமும் பெரிய டயரால் 20 மி.மீ.தான் உயர்ந்திருக்கிறது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எந்த டயர் போட்டிருந்தாலும் இறங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வாகனத்தைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் விவரங்கள் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

டயர் மாற்றுவது வேறு, வண்டியையே தூக்குவது வேறு என்று கடைகளில் வாதம் செய்வார்கள். 215-க்கும் 235 பிளஸ் லிஃப்டுக்கும் ஆபத்தின் அளவில் வித்தியாசம் உண்டு என்பது சரிதான். ஆனால் முடிவெடுப்பது கடைக்காரர் இல்லை. கம்பெனி சொன்ன அளவைத் தாண்டும் எதுவாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு "சொல்லாமல் மாற்றம் செய்திருக்கிறீர்கள்" என்று கிளெய்ம் இழுபறியானால், போகும் பணம் டயர் விலையைப் போலப் பல மடங்கு. அச்சு, ஸ்டீயரிங் தொடர்பான வாரண்டிக்கும் இதே சிக்கல் வரலாம்.

அப்போ என்ன பண்ணலாம்?

மாதம் ஒரு முறை மேல்சித்தாமூர், செஞ்சி, வருடத்துக்கு ஒரு முறை கொல்லிமலை என்று ஓட்டுபவருக்குக் கம்பெனி அளவான 195/80 ஆர்15-லேயே நல்ல ஏ.டி. டயர் கிடைத்தால் அதுவே போதும். சட்டச் சிக்கல் இல்லை, கியர் மாறவில்லை, மண்ணில் பிடிப்பு கூடிவிட்டது. அந்த அளவில் ஏ.டி. கிடைக்காவிட்டால் அடுத்து யோசிக்க வேண்டியது 215. நண்பர்கள் குழுவோடு அடிக்கடி பாறைப் பாதையில் இறங்கி, டிஃபரன்ஷியலை நிஜமாகவே இடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் 235. அவர்கள் ரிம், லிஃப்ட், அச்சுக் கோணத் திருத்தம், அனுமதி எல்லாவற்றையும் ஒரே செலவாகப் பார்க்க வேண்டும்.

எந்த அளவு எடுத்தாலும் பக்கச்சுவரைப் படித்துவிட்டு வாங்குங்கள். கம்பெனி டயரில் 96எஸ் என்றிருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை தாங்கும். புதிய டயரின் சுமை எண் 96-க்குக் குறையக் கூடாது. எம்.டி. டயர்கள் பலவற்றில் க்யூ என்றிருக்கும். அது 160 கி.மீ. பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. "புதுசு சார்" என்று தரப்படும் டயர் குடோனில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய வரி போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்சித்தாமூரில் ஒன்று. சிற்பங்கள் இருக்கும் பாறையடிக்கு ரீல்ஸுக்காக வண்டியை ஏற்ற வேண்டாம். திகம்பர முனிவர்கள் ஊர் ஊராக வெறுங்காலில் நடந்தே வரும் இடம் அது. கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நாமும் நாலு அடி நடக்கலாம். புதிதாக டயர் மாற்றிய வண்டி என்றால், அங்கே நிறுத்தியிருக்கும்போது வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் அவை கொஞ்சம் தளர்வது உண்டு.